கையெழுத்து இல்லாத டிரைவர்

பயத்தை எல்லாரும் மறைப்பார்கள். அவர் மட்டும் அதற்கென்று நேரம் கேட்டு வாங்கிப் பயப்படுவார். "இரு லா, கொஞ்சம் பயந்துக்கிறேன்" என்பார். வேறு யாராவது "இரு, தண்ணி குடிச்சிக்கிறேன்" என்று சொன்னால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும் அவர் சொல்வதும். சொல்லிவிட்டு மவுஸிலிருந்து கையை எடுத்துவிடுவார். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்ப்பார். மேலுதட்டில் வியர்வை பொடிக்கும். பாவனை இல்லை, மனுஷி நிஜமாகவே பயப்படுகிறார் என்று எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். பிறகு சிலுவை போட்டுக்கொண்டு, "மாதாவே" என்று முணுமுணுத்து, ஒரே ஒரு முறை அழுத்துவார்.

ஈப்போ பழைய டவுனில், ஒரு கோப்பிக் கடையின் மேல்மாடியில் இருந்த காது கிளினிக்கில் அவர் வேலை செய்தார். முதலாளி காது நிபுணர். வாரத்தில் சில நாள்தான் இங்கே வருவார், மற்ற நாள்களில் வேறு ஊர்க் கிளைக்குப் போய்விடுவார். அவர் இல்லாத நாள்களில் கதவைத் திறப்பதிலிருந்து, காதுக் கருவிகளைத் துடைத்து, கணினியோடு இணைத்து, சத்தத்தைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்வது வரை எல்லாம் அக்காதான். உறவு இல்லை, நான் அக்கா என்று கூப்பிடுவேன். கிளினிக்குக்கு வருகிறவர்கள் முதுகுக்குப் பின்னால் பயந்தாங்கொள்ளி என்பார்கள். கீழே கோப்பிக் கடை சீனருக்கு அந்த நாசூக்கெல்லாம் கிடையாது. மலாய் மொழியில் பயத்துக்கு என்ன சொல்லோ அதையே பெயராக வைத்துவிட்டார். "தாக்குட்! கோப்பி ஓ?" என்று படிக்கட்டின் கீழிருந்து கத்துவார். இவரும் "ஓ கோசோங்" என்று, பாலும் சீனியும் இல்லாமல் கேட்டுப் பதில் கொடுப்பார். சீனி போட்ட கோப்பிக்கும் அவருக்குப் பயம்.

எதற்குத்தான் பயம் இல்லை? லிஃப்டுக்குப் பயம். மாதா கோயில் பெண்களோடு பேரங்காடிக்குப் போனால் அவர்கள் மேலே போய்ச் சேர்ந்து, சாப்பாடு சொல்லி, பாதி சாப்பிட்ட பிறகுதான் இவர் படியேறி மூச்சிரைக்க வந்து சேர்வாராம். நாய்க்குப் பயம். ஊதாத பலூனுக்குக்கூடப் பயம், யாராவது எடுத்து ஊதிவிடுவார்கள் என்று. இடிக்கு இருந்த பயம் தனி. சுண்ணாம்பு மலைகளின் பக்கம் வானம் கறுத்தால் போதும், காதுச் சோதனை நடந்துகொண்டிருந்தாலும் எழுந்துபோய்ச் சுவரில் இருந்த பிளக்குகளை எல்லாம் பிடுங்கிவிடுவார். சோதனை அறைக்குள் தலையில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருக்கும் ஆள், சத்தம் வரும் வரும் என்று இருட்டில் காத்துக்கொண்டிருப்பார்.

நான் பொறுமை இல்லாதவள். காப்புறுதி, அதாவது இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை, நாள் முழுக்க ஜனங்களின் விபத்துகளைக் கணினியில் ஏற்றுவேன், ஆகவே எதற்கும் பயப்படாதவள் என்று எனக்கு ஒரு நினைப்பு. முதல் தடவை அம்மாவை அங்கே கூட்டிப் போனபோது, அந்தக் கணினியைப் பார்த்து எனக்குச் சிரிப்புதான் வந்தது. என்றோ கைவிடப்பட்ட விண்டோஸ். பின்பக்கத்தில் இணையக் கம்பி சொருகும் ஓட்டையின் மேல், காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியை ஒட்டியிருந்தார்.

"என்னக்கா, கம்பியூட்டருக்கு அடிபட்டுருச்சா?"

"சிரிக்காத லா. அது வழியா நெட்டு வந்துச்சுன்னா அப்டேட் வருவான். அவன் வந்தான்னா இந்தப் பொட்டிய இவனுக்கு அடையாளம் தெரியாமப் போயிரும்."

கணினிக்குள் நடப்பதெல்லாம் அவருக்கு அவன், இவன்தான். அப்டேட் ஒரு ரவுடி. கணினி ஒரு கிழவன். அவர் காட்டிய பெட்டி சோப்பு டப்பா அளவில், யுஎஸ்பி கம்பியோடு இருந்தது. கணினியில் போடும் அளவுகளைக் காதுக் கருவிக்குள் எழுதுவது அந்தப் பெட்டிதான். அதைச் செய்த நிறுவனம் எப்போதோ மூடிவிட்டதாம்.

அன்றைக்கு அம்மாவின் கருவியில் அளவுகளை எழுதி முடித்ததும், அவர் அதை நேராக அம்மாவிடம் கொடுக்கவில்லை. ஒரு சிறிய ரப்பர் குழாயில் பொருத்தித் தன் இடது காதில் வைத்துக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்து, வெகுநேரம் கேட்டார்.

"மொதல்ல எனக்கு. அப்புறம்தான் உங்கம்மாவுக்கு" என்றார். "அவங்களுக்கு மிச்சம் இருக்குற காது லா அது. சத்தம் கூடிப் போயி உள்ள அடிச்சிட்டா, அதுவும் போயிரும். அப்புறம் நான் எந்தக் கடையில வாங்கிக் குடுப்பேன்?"

என்ன இப்படிப் பயப்படுகிறீர்கள் என்று கேட்டேன். அவர் ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். சின்ன வயதில் இருட்டோடு இருட்டாக ரப்பர்ப் பால்மரம் வெட்டப் போனவர். "மரத்தடியில பாம்பு கெடக்கான்னு பயந்து பாத்துட்டுத்தான் கால வெப்போம். பயப்படாத புள்ளைங்க ஓடிப்போயி வெச்சாங்க" என்றார்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பீடோருக்கு வெளியே, பழைய ரப்பர் தோட்டம் இருந்த இடத்தில் கட்டிய தாமான் குடியிருப்பில் இருக்கிறார். ரப்பர் போய் இப்போது சுற்றிலும் செம்பனை, எண்ணெய்ப் பனை. கூட இருப்பது என் தம்பி. செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகும் லோரிக்கு அவன் டிரைவர். அப்பா இறந்த வருடத்திலிருந்து அம்மாவுக்குக் காது மந்தம். கருவி இல்லாவிட்டால் உதட்டைப் பார்த்துப் பாதிப் பேச்சைப் பிடித்துவிடுவார். மீதிப் பாதியைத் தானாகவே நிரப்பிக்கொள்வார். அப்படி நிரப்புவது எப்போதும் கெட்ட செய்தியாகவே இருக்கும். பக்கத்து வீட்டுக்காரி "மழை வரப்போவுது" என்று சொன்னால், அம்மா யார் சாகப்போகிறார்கள் என்று கேட்பார். சாயங்காலம் தம்பியின் லோரி வளைவில் திரும்பும்வரை வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்த லோரியின் உறுமல் அவருக்குத் தெரியும். மற்ற லோரிகளிலிருந்து அதைப் பிரித்துச் சொல்லிவிடுவார்.

புதுக் கருவி வாங்கலாம் என்று ஒரு தடவை பேரங்காடிக் கடைக்குக் கூட்டிப்போய் மாட்டியும் பார்த்தோம். அம்மா உடனே கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார். "எல்லாரும் தகரத்துக்குள்ள இருந்து பேசுறீங்க. நீ யாரு, உன் தம்பி யாருன்னே தெரியல" என்றார். அதற்குமேல் எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. அவருக்கு அந்தப் பழைய கருவிதான், அந்தப் பழைய அளவுகள்தான்.

அந்தக் கருவி ஒரு நாள் ஈரம் பட்டு நின்றுபோனது. பழுது பார்க்க அனுப்பியதில் உள்ளே ஏதோ ஒரு சின்னப் பாகத்தை மாற்றி அனுப்பினார்கள். உயிர் வந்துவிட்டது, ஆனால் அளவுகள் எல்லாம் அழிந்து வெறுமையாக வந்தது. அது ஒன்றும் பெரிய விஷயமில்லை, அக்காவிடம் கொடுத்தால் எழுதித் தந்துவிடுவார் என்று ஈப்போவுக்குக் கொண்டுபோனேன். அங்கே அக்கா முகம் செத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

உறவில் ஒரு சாவுக்கு அவர் ஆயர் தாவாருக்குப் போயிருந்த நாளில் இடி விழுந்திருக்கிறது. முதலாளி பிளக்கைப் பிடுங்கவில்லை. கணினிக் கிழவன் போய்விட்டான்.

முதலாளி வேறொரு கணினியைக் கொண்டுவந்து வைத்திருந்தார். அதுவும் கைவிடப்பட்ட விண்டோஸ்தான், ஆனால் முந்தையதைவிட ஒரு தலைமுறை இளையது. நல்லவேளை, நோயாளிகளின் அளவுகளை எல்லாம் அக்கா தனியாகப் படியெடுத்து வைத்திருந்தார், அதுவும் பயத்தினால்தான். ஆனால் பெட்டியைச் சொருகினால் கணினிக்கு அது என்னவென்று தெரியவில்லை. மஞ்சள் நிறத்தில் ஓர் ஆச்சரியக்குறி வந்து நின்றது. கணினியும் அதில் சொருகும் பெட்டியும் பேசிக்கொள்ள நடுவில் சிறிய மென்பொருள் ஒன்று வேண்டும். அதற்குப் பெயர் டிரைவர். பழைய விண்டோஸுக்கு எழுதிய டிரைவர் இதில் ஏறவில்லை. புதிதாக எழுதித் தரவேண்டிய நிறுவனமோ இல்லவே இல்லை.

அம்மா கருவி இல்லாமல் வீட்டில் இருந்தார். அடுப்பில் குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருக்கும், அவர் பாட்டுக்குக் கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்வார். ஒரு நாள் குப்பையைக் கொட்ட வெளியே போனவரை நோக்கி ஒரு தண்ணீர் லோரி பின்புறமாக வந்திருக்கிறது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தானாம். அம்மா திரும்பவில்லை. எதிர்வீட்டுக்காரர் ஓடிப்போய் இழுத்ததில் செருப்பு மட்டும் சக்கரத்தின் கீழ் போனது. தம்பி அந்தச் செருப்பைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினான். கீழே ஒன்றும் எழுதவில்லை. அன்றிலிருந்து அலுவலகத்தில் தொலைபேசி அடித்தால், தம்பியின் எண்ணா என்று பார்த்துவிட்டுத்தான் நானும் எடுத்தேன்.

நான்தான் தேடினேன். ஏதோ ஒரு தேசத்தில், முகமோ பெயரோ தெரியாத ஒருவன், இதே பெட்டி தன் கணினியில் ஏறாமல் தவித்து, பழைய டிரைவரின் உள்ளே இருக்கும் குறிப்பைத் திறந்து சில வரிகளை மாற்றி, 'எனக்கு வேலை செய்கிறது, உங்கள் பொறுப்பில் போட்டுக்கொள்ளுங்கள்' என்று ஓர் இணைய மன்றத்தில் போட்டிருந்தான். அதை இறக்கி, வைரஸ் இருக்கிறதா என்று சோதித்து, பென்டிரைவில் ஏற்றி எடுத்துக்கொண்டேன். அம்மாவையும் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு காலையில் அக்கா முன்னால் போய் நின்றேன்.

பென்டிரைவைக் கண்டதுமே அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"இத எங்கெங்கெல்லாம் சொருகுன?"

"என் கம்பியூட்டர்ல மட்டும்தான் அக்கா."

"யாரு இவன், இத மாத்துனவன்?"

"தெரியாதுக்கா."

"முகம் தெரியாதவன் மாத்துன டிரைவர நான் உங்கம்மா காதுக்குள்ள வுடணுமா?"

அம்மா அக்காவுக்கு எதிரில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் இரண்டு பேரின் வாயையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் செருப்புப் படத்தைக் காட்டினேன். அக்கா அதைப் பார்த்தார். நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

டிரைவருக்கு அதைச் செய்த நிறுவனம் ஒரு கையெழுத்துப் போட்டிருக்கும். கையில் போடுகிற கையெழுத்து இல்லை, கணினிக்குப் புரிகிற முத்திரை. உள்ளே ஓர் எழுத்தை மாற்றினாலும் அது செல்லாமல் போய்விடும், விண்டோஸ் உள்ளே விடாது. அந்தக் காவலை நிறுத்திவைக்க, கணினியை மறுபடி தொடங்கி, அது விழிக்கும்போதே ஒரு பொத்தானைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு பட்டியல் வரும். அதில் ஒரு வரி, கையெழுத்தைக் கேட்காதே என்பது. நான் அக்காவுக்கு இதை விளக்கினேன். கேட்கக் கேட்க அவர் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"இரு லா, கொஞ்சம் பயந்துக்கிறேன்."

கைகளை மடியில் வைத்துக்கொண்டார். பயப்பட்டார். அதோடு, பாழாய்ப்போக, வாய்விட்டும் பேசினார்.

"பழைய டிரைவர் போயிட்டான். அவன் கம்பெனியும் போச்சு. இனிமே அவன் வரமாட்டான்."

அம்மா எழுந்து நின்றுவிட்டார். மடியிலிருந்த பை கீழே விழுந்தது.

"டிரைவரு போயிட்டானா?" என்றார். காது கேட்காதவர்களின் உரத்த குரல். "எந்த டிரைவரு? எம் புள்ளையா?"

நான் பதறிப்போய் இரண்டு கைகளையும் ஆட்டினேன். "இல்லம்மா! அவன் இல்ல! அவன் இல்ல!"

அம்மா என் உதட்டைப் படித்தார். அவன் இல்லை. அம்மாவுக்கு அந்த இரண்டு சொல் போதுமாக இருந்தது.

அப்படி ஓர் ஓலத்தை நான் அதற்கு முன்பு அம்மாவிடம் கேட்டதில்லை, அப்பா இறந்த அன்றும் கேட்டதில்லை. கீழே கோப்பிக் கடையில் பேச்சு நின்றுபோனது எங்களுக்குக் கேட்டது. ஒரு தாளை எடுத்து 'தம்பி நல்லா இருக்கான்' என்று எழுதி நீட்டினேன். அவருக்குக் கண்ணாடி போட்டால்தான் எழுத்து தெரியும், அதைப் போட எங்கே விட்டார், தாளைத் தட்டிவிட்டார். தம்பியையே முகத்துக்கு நேரே காட்டிவிடலாம் என்று கைப்பேசியில் அழைத்தேன். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். எடுக்கவில்லை. ஓட்டும்போது எடுக்கமாட்டான், எனக்கு அது தெரியும். ஆனாலும் மணி அடித்து அடித்து ஓய்ந்ததும் மூன்றாம் முறையும் அழைத்தேன். அலுவலகத்தில் நான் தினமும் ஏற்றுகிற விபத்துகள் எல்லாம் இப்படி ஒரு சாதாரணக் காலையில்தானே நடந்தவை என்று தோன்றியது. அம்மா என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தில் எதைப் பார்த்தாரோ, வாசலை நோக்கி ஓட ஆரம்பித்தார். அந்தப் பழங்காலப் படிக்கட்டு செங்குத்தானது. நான் கதவுக்கு முன்னால் விழுந்து மறித்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவர் என் தோளில் குத்தினார்.

"அவங்க காதத் தொறக்குறது ஒண்ணுதான் வழி" என்றார் அக்கா.

திரும்பிப் பார்த்தேன். கணினியை அணைத்துவிட்டு மறுபடி தொடங்கிக்கொண்டிருந்தார். பொத்தானைத் தட்டினார். கறுப்புத் திரை வந்தது. அந்த வரியைத் தேர்ந்தெடுத்தார். விண்டோஸ் விழித்ததும் என் பென்டிரைவை, ஈரத்தாளில் துடைக்கக்கூட இல்லை, அப்படியே சொருகினார். மவுஸை மஞ்சள் குறி மேல் வைத்து, அந்த முகமில்லாதவனின் கோப்பைக் காட்டினார். திரை முழுக்கச் சிவப்பில் ஒரு சாளரம் எழுந்தது. இதை வெளியிட்டது யாரென்று உறுதிசெய்ய முடியவில்லை. நிறுவாதே என்று ஒரு வரி. எப்படியானாலும் நிறுவு என்று ஒரு வரி.

அவர் கையை மவுஸிலிருந்து எடுக்கவில்லை. சிலுவை போடவில்லை. மாதாவைக் கூப்பிடவில்லை. அம்மாவைப் பிடித்திருந்த பிடியோடு நான் கத்தினேன்.

"அக்கா, இருங்க! கொஞ்சம் பயந்துக்குங்க!"

"நேரமில்ல லா" என்றார். அழுத்தினார்.

பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. கணினிக்கு அதை அடையாளம் தெரிந்துவிட்டது. அம்மாவின் பழைய அளவுகளை எடுத்து அனுப்பினார். திரையில் ஒரு கோடு நிரம்பிக்கொண்டே வந்து, பாதியில் நின்று, துள்ளி, முடிந்தது என்றது. கருவியை எடுத்துக் குழாயில் பொருத்தினார். அந்த ஒரு பழக்கத்தை மட்டும் அவர் விடவில்லை. இடது காதில் வைத்து, கருவியைத் திறந்தார்.

கதவருகில் நின்ற எனக்கே அது கேட்டது. கூர்மையான ஒரு கீச்சொலி, அறையைக் கிழித்துக்கொண்டு போனது. அக்காவின் தலை வெடுக்கென்று வலப்பக்கம் சாய்ந்தது. நாற்காலி சுவரில் போய் மோதியது. குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு, வாயைத் திறந்தபடி இருந்தார். பாதியில் துள்ளிய அந்த இடத்தில் ஏதோ தவறிப்போய், கருவி உச்சத்தில் நின்றுவிட்டது. அந்தச் சத்தம் அம்மாவின் காதுக்குப் போயிருக்க வேண்டியது.

"அக்கா, வேணாம், விட்டுருங்க" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. கம்பியைப் பிடுங்கி மறுபடி சொருகினார். அளவுகளை மறுபடி அனுப்பினார். இந்த முறை கோடு துள்ளாமல் நிரம்பியது. குழாயைத் தரையிலிருந்து எடுத்து, அதே இடது காதில் மறுபடி வைத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். நெற்றி சுருங்கியது. பிறகு குழாயை வலது காதுக்கு மாற்றி, லேசாகத் தொட்டுத் தொட்டுக் கேட்டார். அப்படி மாற்றி அவர் கேட்டு நான் பார்த்ததே இல்லை. கடைசியில் தலையாட்டினார்.

வந்து தரையில் உட்கார்ந்திருந்த அம்மாவின் பக்கத்தில் தானும் உட்கார்ந்து, கருவியைக் காதில் மாட்டிவிட்டார்.

"கேக்குதா? உம் புள்ள நல்லாருக்கான். செத்தது கம்பியூட்டர் டிரைவரு. லோரி டிரைவர் இல்ல."

அம்மாவின் அழுகை நின்றது. மூக்கைத் துடைத்துக்கொண்டு அக்காவை உற்றுப் பார்த்தார்.

"கம்பியூட்டருக்கு எதுக்குடி டிரைவரு? அது என்ன ரோட்டுலயா ஓடுது?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்த நேரம் பார்த்துத் தம்பி திரும்ப அழைத்தான். ஒலிபெருக்கியில் போட்டேன்.

"என்னாக்கா, இத்தன தடவ கூப்புட்டுருக்க? ஆலையில லோரி வரிசையா நிக்குது, இப்பதான் கைப்பேசியப் பாத்தேன். அம்மாவுக்கு என்னா?" அவன் குரலும் நடுங்கியது. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அதே வியாதிதான்.

அம்மா கைப்பேசியைப் பிடுங்கிக் காதருகில் வைத்துக்கொண்டார். "பேசு, பேசு" என்றார். அவன் என்ன பேசுவது என்று தெரியாமல், சாப்பிட்டீங்களா என்று கேட்டான். "இவன் கொரலுதான்" என்று அம்மா என்னிடம் சொன்னார். "தகரமா இல்ல. இவன் கொரலேதான்."

நாங்கள் கிளம்பும்போது அக்கா தன் நாற்காலியில் போய் உட்கார்ந்திருந்தார். கைகள் மடியில் இருந்தன. உதட்டின்மேல் வியர்வை பொடித்திருந்தது. "நீங்க போங்க லா. நான் இப்பதான் பயந்துக்கிறேன்" என்றார். அவர் இடது பக்கத்தில் நின்று, கீழே போய்க் கோப்பி வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. பயத்தில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகு முதலாளிக்கு உடம்பு முடியாமல் போய், கிளினிக்கை மூடிவிட்டார்கள். கோப்பிக் கடையில் விசாரித்தால், தாக்குட் ஊருக்குப் போய்விட்டது என்றார் சீனர். வருடங்கள் ஓடிவிட்டன. அம்மாவின் கருவியில் இன்றைக்கும் அந்த அளவுகள்தான் இருக்கின்றன. அதை வைத்துக்கொண்டு தம்பியின் லோரியை வளைவிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்.

போன வருடம் ஒரு கல்யாணத்துக்கு ஆயர் தாவார் போயிருந்தேன். பெரிய ரோட்டோரத்தில், கையில் காய்கறிப் பையோடு, ரோட்டைக் கடக்க நிற்கிறார் அக்கா. கொஞ்சம் இளைத்திருந்தார், மற்றபடி அதே ஆள்தான். பின்னால் போய், "அக்கா" என்றேன். திரும்பவில்லை. இன்னும் பக்கத்தில் போய், இடது தோளருகில் நின்று கூப்பிட்டேன். ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்ததும்தான் என்னைக் கண்டு முகம் மலர்ந்தார்.

"அந்தப் பக்கம் நின்னு கூப்புட்டியா? அது செத்த காது லா" என்றார், சர்வ சாதாரணமாக. "டெஸ்ட் பண்றதுக்குன்னே வெச்சிருந்த காது. பாதி ஏற்கெனவே போயிருந்துச்சு. மத்தது வூட்டுக்கு, பேச, ஜெபத்துக்கு."

"அன்னைக்கா அக்கா? எங்கம்மாவோட வந்த அன்னைக்கா?"

"அன்னைக்கு அந்தக் கருவி, அவன் கத்துனான்ல? அதுக்கப்புறம் அந்தப் பக்கம் ஒண்ணும் வரல." பையைக் கை மாற்றிக்கொண்டார். "அழுவாத லா, ரோட்டுல நின்னுக்கிட்டு. உங்கம்மாவுக்குக் கேக்குதா?"

"கேக்குதுக்கா."

"டிரைவர் நல்லாருக்கானா?"

"நல்லாருக்கான்."

"அப்பறம் என்னா" என்று சொல்லி என் கையைப் பிடித்தார். "வா, அந்தப் பக்கம் போவோம். வூட்டுக்கு வந்து கோப்பி குடிச்சிட்டுப் போ. இரு லா, கொஞ்சம் பயந்துக்கிறேன்."

ரோட்டோரத்தில் நின்று அவர் பயப்பட ஆரம்பித்தார். கேட்கிற காதைத் திருப்பி வைத்துக்கொண்டு, வலப்பக்கமாக வருகிற கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, உதட்டின்மேல் வியர்வை பொடிக்க, முறையாகப் பயந்தார். வலப்பக்கம் காலியானது. சிலுவை போட்டுக்கொண்டு, "மாதாவே" என்று காலை எடுத்து வைத்தார். இடப்பக்கத்துச் செம்பனைக்குள்ளிருந்து குலை ஏற்றிய ஒரு லோரி ஹாரன் அடித்தபடி ரோட்டில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் திரும்பவே இல்லை. இரண்டு கையாலும் பிடித்து அவரை இழுத்தேன். காற்று எங்கள் முகத்தில் அறைந்துவிட்டுப் போனது. ஒரு குலை உருண்டு அவர் காலடியில் விழுந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

நான் இடப்பக்கம் மாறி நின்றுகொண்டேன். அவர் மறுபடியும் முதலிலிருந்து, வலப்பக்கத்தைப் பார்த்துப் பயப்படத் தொடங்கினார். இந்தப் பக்கத்துக்கு நான் பயந்துகொண்டிருந்தேன்.